மருந்துக்கடைத் திரை யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது? பார்மசி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பார்மசி கவுன்சில் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கும், மருந்து வணிகர் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் டி.பார்ம். என்கிற மருந்தியல் டிப்ளமோ படித்துப் பதிவு பெற்றவள். இருபத்திரண்டு வருடமாக மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். என் பெயரையும் ஊரையும் இந்த மடலில் எழுதவில்லை. ஊரைச் சொன்னால், நான் சொல்லப்போகும் பெண் யார் என்று அங்கே பத்துப் பேருக்காவது தெரிந்துவிடும். தெரிய வேண்டாதவர்களுக்கெல்லாம் அவளைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தது போதும்.

ஆறு வருடத்துக்கு முன் நடந்தது. அப்போது நான் வேலை பார்த்த கடையில் ஐந்து பேர் இருந்தோம். பார்மசிஸ்ட் நான் ஒருத்திதான். மற்ற நால்வரும் மருந்து எடுத்துக் கொடுப்பார்கள், பில் போடுவார்கள், ஸ்டாக் அடுக்குவார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பில் போட இரண்டு கம்ப்யூட்டர், இரண்டுக்கும் ஒரே லாகின். யூசர் பெயர் அட்மின், பாஸ்வேர்டு கடைப் பெயரோடு 123. அதையும் யாரும் மறந்துவிடக் கூடாதென்று மானிட்டர் ஓரத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பேனாவால் எழுதி வைத்திருந்தோம். எழுதியது நான்தான்.

அந்த சாஃப்ட்வேரில் மொபைல் எண்ணை அடித்தால் வாடிக்கையாளரின் பெயர் வரும். இன்னொரு பட்டனைத் தட்டினால் அவர் அதுவரை வாங்கியது எல்லாம் வரும்: தேதி, மாத்திரை, எத்தனை ஸ்டிரிப், எழுதிய டாக்டர் யார். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான ஒரு தம்பி, கூட்டமில்லாத ஒரு மதிய நேரத்தில் ஒரு எண்ணை அடித்துப் பார்த்திருக்கிறான். அவனுடைய சித்தி மகனுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா எண் அது. அந்தக் குடும்பம் மொத்தமும் எங்கள் கடையில் அந்த ஒரே எண்ணில்தான் வாங்கும். அப்பாவின் பிரஷர் மாத்திரை, பாட்டியின் கால்சியம், சின்னப் பையனின் இருமல் மருந்து எல்லாம் வரிசையாகக் கிடந்தன. நடுவே, பெண்ணின் பெயரில், மாதம் தவறாமல் ஒரு மாத்திரை. அவன் அதைக் கூகுளில் போட்டுப் பார்த்தான். ராத்திரி சித்தியிடம் சொன்னான்.

நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பெண்ணுக்கு வலிப்பாம் என்று அதற்குள் தெருவெல்லாம் பேசியாகிவிட்டது.

அடுத்த வாரம் அவளுடைய அம்மா கடைக்கு வந்தார். ஓரமாக நின்று, இருந்த இரண்டு பேரும் போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு நாலாக மடித்த மருந்துச்சீட்டைக் கவுண்டர் கண்ணாடிமேல் வைத்தார். "உங்ககிட்ட மட்டும்தானேம்மா இதக் காட்டியிருக்கேன்" என்றார். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. எனக்கு அப்போது விஷயமே தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

அந்த மாத்திரை எது, அதை அவள் எதற்காகச் சாப்பிட்டாள், ஊர் சொன்னது சரியா தப்பா என்பதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். அதைச் சொல்லும் உரிமை அவளுடையது.

அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. "சித்தி கேட்டாங்கக்கா. ஒரு அக்கறையிலதான் பார்த்தேன்" என்றான். அழுதான். தான் செய்தது தப்பு என்றே அவனுக்கு அதுவரை தோன்றவில்லை, யாரும் அவனிடம் சொல்லவும் இல்லை. முதலாளி அன்றைக்கே அவனைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். மறுநாள் காலை கடை திறந்தபோது மானிட்டரில் அதே பிளாஸ்திரி, அதே 123. அவனுக்குப் பதில் வந்த பையனுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அந்தப் பாஸ்வேர்டைத்தான்.

கவுன்சிலுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2015-ல் வந்த மருந்தாளுநர் நடைமுறை ஒழுங்குமுறைகளை நான் படித்திருக்கிறேன். நோயாளி நம்பி ஒப்படைத்த விஷயங்களைப் பார்மசிஸ்ட் வெளியே விடக்கூடாது என்று அதில் இருக்கிறது. நல்லது. ஆனால் அது கட்டுப்படுத்துவது பதிவு பெற்ற பார்மசிஸ்டை. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் ஒரு திருத்தம் வந்து, கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்றது. அது கட்டுப்படுத்துவது பதிவு பெற்ற டாக்டரை. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் ரகசியம் காக்கும் கடமையைச் சிகிச்சை தரும் மருத்துவத் தொழில்முறையாளர்கள் மீதுதான் வைக்கிறது. டாக்டரின் வாயைச் சட்டம் கட்டியிருக்கிறது, என் வாயையும் கட்டியிருக்கிறது. அந்தச் சீட்டைக் கையில் வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, கவரில் போட்டுக் கொடுக்கிற ஹெல்பர் பையனுக்கு எது கட்டு? ரகசியம் காக்கும் கடமை ஒருத்தி தலையில், பதிவேடு ஐந்து பேர் கையில். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலானவற்றின் நிலைமை இதுதான். உங்களுக்கும் இது தெரியும்.

பையன்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்க எனக்கு மனமில்லை. காலையில் எட்டரைக்கு வந்து இரவு பத்துக்குப் போகிறவர்கள். அவர்கள் கையில் ஊரின் நோய்களையெல்லாம் கொடுத்தது நாம். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்ததும் நாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாத்திரையின் பெயரை வைத்து நோயைச் சொல்லிவிடலாம் என்று கவுண்டரில் நிற்கிற எல்லோருமே நம்புகிறார்கள். டோபிராமேட் வலிப்புக்கும் எழுதப்படும், ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமலிருக்கவும் எழுதப்படும். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கென்று வந்த மருந்து. இன்றைக்கு என் கடையில் அதன் 10 மில்லிகிராம் மாத்திரையை வாங்குகிறவர்களில் நிறையப் பேர் சர்க்கரையால் கால் எரிச்சல் வந்த பெரியவர்கள். மெட்ஃபார்மின் வாங்கும் இருபது வயதுப் பெண்ணுக்குச் சர்க்கரை இருக்க வேண்டும் என்பதில்லை, சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம். ஒலன்சாபின் மனநோய் மருந்து என்றுதான் கூகுள் முதலில் சொல்லும். கீமோதெரபி எடுப்பவர்களுக்கு வாந்தி வராமலிருக்கவும் அதைத் தருகிறார்கள். டெனோஃபோவிர் எச்.ஐ.வி. மருந்துக் கூட்டில் இருக்கிறது, தனியாக ஹெபடைடிஸ் பி-க்கும் தரப்படுகிறது. இத்தனையும் படித்துவிட்டு வந்த நானே ஒரு சீட்டைப் பார்த்து நோயைத் தீர்மானிக்க மாட்டேன். எட்டு மாத அனுபவமும் ஒரு போனும் இருந்தால் தீர்மானித்துவிடலாம் என்றாகிவிட்டது.

தீர்மானம் சரியாகவே இருந்தாலும்தான் என்ன? இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-ல் நாடாளுமன்றம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து போன சொல் எங்கள் கடைத் திரை வழியாகக் கல்யாண வீட்டுக்குள் நுழைகிறது. எச்.ஐ.வி. விஷயத்தில் இது இன்னும் கொடுமை. இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா செய்த ஆய்வில். அத்தனை வருடம் ஆகியும் அந்த மாத்திரை வாங்குகிறவர் கவுண்டரில் நின்று சுற்றுமுற்றும் பார்க்கிறார். எச்.ஐ.வி. விவரங்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைப் பாதுகாக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என்கிற சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. என் இருபத்திரண்டு வருடத்தில் எந்தக் கடையிலும் யாரும் வந்து அந்த ஏற்பாட்டைக் காட்டு என்று கேட்டதில்லை.

பதிவேடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன வருடம் ஒரு பெரியவர் முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டு வந்தார். எண்ணைப் போட்டதும் மூன்று மாதமாக வார்ஃபரின், அதாவது ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, வாங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் உள்ளுக்குள் ரத்தம் கசியலாம். டாக்டரிடம் போனில் பேசி மாற்று வாங்கிக் கொடுத்தேன். அந்தத் திரை இல்லையென்றால் எனக்குத் தெரிந்திருக்காது. பார்மசிஸ்ட் பார்க்க வேண்டிய திரை அது, பார்த்தே தீர வேண்டியது. மருந்து வாங்க வந்த மனிதர் எதிரில் நிற்கும்போது, அவருக்காக, பார்க்க வேண்டியது.

எச்1 ரெஜிஸ்டரும் அப்படித்தான். கட்டுப்பாடு கூடுதலாக உள்ள சில மருந்துகளை யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதும் நோட்டு அது. 2014 மார்ச் 1 முதல் அதை எழுதுகிறோம். காசநோய் மருந்துகள், சில ஆன்டிபயாடிக்குகள், அல்பிரசோலம், சோல்பிடெம், டிரமடால் எல்லாம் அதில் ஏறும். கண்டபடி விற்றால் ஊருக்கே கேடு என்பதால் வந்த விதி. எழுதியதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சரிதான். ஆனால் அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதிக் கடைகளில் கவுண்டர்மேல், பேனா செருகி, திறந்தபடி கிடக்கும். ஊர்க்காரர் யாராவது சில்லறைக்குக் காத்திருக்கும்போது பக்கத்தைப் புரட்டுவார். ரிஃபாம்பிசின் என்று காசநோய் மருந்து எழுதியிருக்கும் வரியில் பக்கத்துத் தெருக்காரர் பெயர் இருக்கும்.

மொபைல் எண் கதைக்கு வருகிறேன். எச்1 ரெஜிஸ்டருக்கு விதி கேட்பது டாக்டரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்து, எத்தனை கொடுத்தோம் என்பவைதான். மொபைல் எண் அதில் இல்லை. பத்து ரூபாய் தள்ளுபடிக்காகவும், 'உங்கள் மாத்திரை தீரப்போகிறது' என்று மெசேஜ் அனுப்புவதற்காகவும் நாமாக வாங்க ஆரம்பித்தோம். இப்போது பேராசிட்டமால் கேட்டாலும் 'நம்பர் சொல்லுங்க' என்பது வாயில் தானாக வருகிறது. நம்பரைச் சொல்பவர், பின்னால் வரிசையில் நிற்கிறவருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்கிறார். அந்த எண் தெரிந்தால் போதும், குடும்பத்தின் இரண்டு வருட நோய் விவரம் திறந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் வரும் சீட்டுப் போட்டோக்கள் தனி. கடைப் போன் ஒன்று, அதை எடுப்பவர்கள் ஐந்து பேர். போட்டோக்கள் கேலரியில் முதலாளி வீட்டுப் பிறந்தநாள் படங்களோடு கலந்து கிடக்கும். டெலிவரிக்குப் போகிற பையன் முகவரிக்காக அதைத் தன் சொந்தப் போனுக்கு ஃபார்வர்டு செய்துகொள்வான். வேலையை விட்டு நின்ற பிறகும் அது அவன் போனில்தான் இருக்கும்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஒரு வழக்கு நடந்தது. வால்கிரீன்ஸ் கடைப் பார்மசிஸ்ட் ஒருவர், தன் கணவர் முன்பு பழகிய பெண்ணின் மருந்து விவரங்களைத் திறந்து பார்த்துவிட்டார். அவர் சொந்த விஷயத்துக்காகப் பார்த்தது உண்மை என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. 2013-ல் ஜூரி தீர்ப்பளித்து, 14.4 லட்சம் டாலர் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்னது. ஊழியர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொகை என்னை யோசிக்க வைக்கவில்லை, வேறு இரண்டு விஷயங்கள் யோசிக்க வைத்தன. ஒன்று, தப்பு செய்தது ஹெல்பர் பையன் இல்லை, படித்துப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட். இரண்டு, பார்த்தது இன்னார் என்று நிறுவனத்தால் சொல்ல முடிந்திருக்கிறது. எங்கள் கடையில் அன்றைக்கு யார் பார்த்தது என்று கேட்டிருந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த ஒரே பெயர் அட்மின்தான். அந்தத் தம்பி தானாக ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால், அந்த அம்மாவின் கணக்கில் இன்றுவரை குற்றவாளி நான்தான்.

நம் நாட்டிலும் சட்டம் வந்துகொண்டிருக்கிறது. தனிமனித ரகசியம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்துவிட்டன. யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு வேண்டும், பார்த்ததற்குத் தடம் வேண்டும், அந்தத் தடத்தை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று அந்த விதிகளில் இருக்கிறது. முழுதாக நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இந்தத் தொகையைக் கேட்டால் எங்கள் ஊர்க் கடைக்காரர் 'இது பெரிய கம்பெனிக்காரனுக்கு' என்று சொல்லிவிட்டு அடுத்த பில்லைப் போடுவார். அவர் மதிப்பது டிரக் இன்ஸ்பெக்டர் வருகையைத்தான். இன்ஸ்பெக்டர் ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் நோட்டைக் கேட்பார் என்பதால்தான் அது தினமும் எழுதப்படுகிறது. காலாவதி மருந்தைத் தனியே வைத்திருக்கிறாயா என்று பார்ப்பார் என்பதால்தான் அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது.

அதனால் என் கோரிக்கை சின்னது. அந்தச் சோதனையில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: 'உங்கள் கடையில் எத்தனை பேர், எத்தனை லாகின், காட்டுங்கள்.' இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். பில் போடுகிறவருக்கு அன்றைய பில் மட்டும் தெரிந்தால் போதும். பழைய பட்டியலைத் திறப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்டின் கையில் இருக்கட்டும். அவர் திறந்தாலும் தேதியும் நேரமும் பதியட்டும், அந்தத் தடத்தை முதலாளியாலும் அழிக்க முடியாதபடி இருக்கட்டும். இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. நான் பயன்படுத்திய இரண்டு பில்லிங் சாஃப்ட்வேரிலும் யார் எதைப் பார்க்கலாம் என்று பிரித்துக் கொடுக்க யூசர் ரைட்ஸ் என்று ஒரு மெனு இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்தான் யாருமில்லை. வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், பத்தாவது படித்திருந்தாலும் சரி, ஒரு பக்கத் தமிழ் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். அதைக் கவுன்சிலே எழுதிக் கொடுத்தால் எல்லாக் கடையிலும் ஒன்றாக இருக்கும். பதிவைப் புதுப்பிக்க நாங்கள் வருகிற பயிற்சி வகுப்புகளில் புது மருந்துகளைப் பற்றிச் சொல்கிறீர்கள். அதில் ஒரு மணி நேரத்தை இதற்கும் ஒதுக்குங்கள்.

சர்டிஃபிகேட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ இருக்கிற பார்மசிஸ்டுகளையும் கண்டுபிடியுங்கள். கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். சுவரில் ஃபிரேம் போட்டுத் தொங்குகிற சர்டிஃபிகேட் யாருடைய ரகசியத்தையும் காக்காது. அந்தக் கடையில் பார்மசிஸ்டின் பாஸ்வேர்டும் வாடகைக்குத்தான் போயிருக்கும்.

அரசுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2025 பிப்ரவரி 24-ல் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. விலை குறைவு என்று ஏழை ஜனங்கள் போகும் கடைகள் அவை. தனி லாகின் வழக்கத்தை அங்கே கொண்டுவந்து காட்டினால், 'நடைமுறைக்கு ஒத்துவராது' என்று தனியார் கடைகள் சொல்ல முடியாது.

நடைமுறைக்கு ஒத்துவருமா என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது. இப்போது நான் இருக்கிற கடையில் முதலாளி அம்மாவிடம் நாலு மாதம் பேசி, ஆளுக்கொரு பின் நம்பர் கொண்டுவந்தோம். முதல் வாரம் மாலை நேரத்தில் வரிசை வாசல் வரை போனது. பையன்கள் முணுமுணுத்தார்கள். 'எங்களை நம்பலையாக்கா?' என்று ஒருவன் முகத்துக்கு நேரே கேட்டான். பத்து நாளில் விரல்கள் பழகிவிட்டன. மாதத்தின் முதல் ஞாயிறு, கடை மூடிய பிறகு, யார் யாருடைய பழைய பட்டியல் திறக்கப்பட்டது என்று நானும் முதலாளி அம்மாவும் உட்கார்ந்து பார்ப்போம்.

மூன்றாவது மாதம் அந்தப் பட்டியலில் ஒரு வரியில் என் விரல் நின்றுவிட்டது. இரவு 8.50, என் பின் நம்பர், என் சொந்தக்கார அண்ணி ஒருவரின் எண். அன்றைக்கு அவர் கடைக்கே வரவில்லை. கல்யாண வீட்டில் பார்த்தபோது இளைத்துத் தெரிந்தார், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று பார்த்திருக்கிறேன். அவர் கேட்காமல், அவருக்குத் தெரியாமல். அக்கறையில்தான். அந்தத் தம்பி சொன்ன அதே சொல்.

முதலாளி அம்மாவிடம் அதைச் சொன்னேன். அண்ணி வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "என்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றார். அந்த வரி அங்கே இல்லாமல் இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். மறுபடியும் பார்த்திருப்பேன் என்றுகூட நினைக்கிறேன்.

பழைய கடை இருந்த ஊரிலிருந்து இப்போதைய கடைக்கு பஸ்ஸில் நாற்பது நிமிடம். அந்தப் பெண்ணின் அம்மா ஒருநாள் இங்கே வந்தார். என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். உள்ளூரில் வாங்க மனமில்லாமல் மாதாமாதம் பஸ் ஏறி வெவ்வேறு ஊர்களில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். வந்த இடத்திலும் நான். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். மேலே ஏறி வந்து, சீட்டை எடுக்காமல், "இங்கயும் நம்பர் கேப்பீங்களா?" என்றார்.

"வேண்டாம்க்கா. பேர் மட்டும் சொல்லுங்க, சீட்டுல இருக்கிற பேர்" என்றேன். மானிட்டரை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நானே பில் போட்டேன். பழுப்புக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். அவர் அதைப் பையின் அடியில் வைத்து, மேலே கீரைக்கட்டை வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

இந்த மடலுக்குக் கவுன்சில் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உறுதிமொழிப் படிவத்தின் வரைவைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பதிவு பெற்ற பார்மசிஸ்ட் ஒருத்தி